ஒரே கணினியில் நாலு பேர்: என்னென்ன பாகங்கள் வேண்டும்?

நொடிக்கு மூன்று விசை என்ற வேகத்தில் நீங்கள் ஒரு கடிதம் தட்டச்சு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கை பழகியவரின் வேகம் அது. உங்கள் கணினியில் இருப்பது 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர் என்றால், அதற்கு ஒரு நொடி என்பது 300 கோடி துடிப்பு. நீங்கள் ஒரு விசையை அழுத்திவிட்டு அடுத்ததற்கு விரலை நகர்த்துவதற்குள் 100 கோடி துடிப்பு கடந்துபோகிறது. அவ்வளவு நேரமும் அது பெரும்பாலும் உங்களுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் காத்திருப்பு நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? முடியும். இன்னும் மூன்று பேருக்குக்கூடக் கொடுக்கலாம். பெட்டி ஒன்று, மானிட்டர் நாலு, கீபோர்டு நாலு, மவுஸ் நாலு. நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம். ஒருவர் திரையில் ஓடுவது மற்றவர் திரைக்கு வராது. ஒருவர் கோப்பை மற்றவர் திறக்க முடியாது. மல்டிசீட் என்பது இதன் பெயர். பல இருக்கைக் கணினி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நான் இதை ஒரு மாலை வகுப்பு அறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகள். ஒரு கணினியைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள், மவுஸ் ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற ஐந்து பேரும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சைக்கிளைப் பார்த்துக் கற்க முடியாதது போலத்தான் கணினியும். கை வைத்தால்தான் வரும். ஆறு கணினி வாங்கப் பணம் இல்லாத இடத்தில் இருக்கும் ஒன்றையே எப்படிப் பெருக்குவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் இது.

இது புதிய யோசனை அல்ல. தனி மனிதருக்குத் தனிக் கணினி என்பதே பின்னால் வந்த பழக்கம். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் சி.டி.எஸ்.எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரு கணினியின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. பின்னாளில் அது ஓடிய ஐ.பி.எம் 7094 கணினியில் பயனர்களுக்கென்று இருந்த நினைவகம் இன்றைய கணக்கில் 150 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒருவருடைய முறை முடிந்ததும் அவருடைய நிரலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்தவருடையதை உள்ளே கொண்டுவருவார்கள். இத்தனை சிறிய இடத்தில் பல பேர் வேலை செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1969-ல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டது. அந்த வழியில் வந்த லினக்ஸ் இயங்குதளத்துக்கும் ஒரே நேரத்தில் பலரை வைத்துக்கொள்வது பிறவிக் குணம். ஆக, மென்பொருள் பக்கம் பெரிய தடை கிடையாது. கேள்வியெல்லாம் பாகங்களைப் பற்றியதுதான்.

கிணறும் அறையும் அடுப்பும்

பழைய குடித்தன வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டில் நாலு குடும்பம். கிணறு பொது, முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். அறைகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இருப்பது எட்டு அறை என்றால் ஆளுக்கு இரண்டு. அடுப்பு மட்டும் குடும்பத்துக்கு ஒன்று தனியாக வேண்டும்.

கணினியின் பாகங்களும் இப்படித்தான் பிரிகின்றன. ப்ராசசர், டிஸ்க், இணையம் மூன்றும் கிணறு. ஒருவர் இறைத்து முடித்ததும் அடுத்தவர் இறைக்கலாம், கூட்டம் அதிகமானால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தங்கும் நினைவகம், அறை. ஒருவர் குடியிருக்கும் அறையில் அதே நேரத்தில் இன்னொருவர் குடியிருக்க முடியாது. மானிட்டர், அதை இயக்கும் கிராபிக்ஸ், கீபோர்டு, மவுஸ், ஹெட்போன் எல்லாம் அடுப்பு. ஆளுக்கு ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதன்முதலில் இதில் இறங்குபவர்கள் கிணற்றைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். “நாலு பேருக்கு ஐ7 வேண்டுமா, ஐ9 வேண்டுமா?” என்றுதான் கேட்கிறார்கள். நடைமுறையில் நம்மைத் தடுத்து நிறுத்துவது அறையும் அடுப்பும்தான்.

ப்ராசசர்

நம் ஊரில் பெட்டி முழுவதையும் சி.பி.யூ என்று சொல்கிறோம். நான் இங்கே சொல்வது உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் சில்லை மட்டும்.

இந்தச் சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். ஆளுக்கு ஒரு கோர் என்று வைத்துக்கொண்டால் போதும். தட்டச்சு, பாடப் பக்கங்கள் படிப்பது, சிறிய பைதான் நிரல்கள், வரைபடம் வரைவது என்ற அளவில் நாலு கோர் ப்ராசசர் நாலு பேரைத் தாங்கும். ஆறு கோர் இருந்தால் தாராளம். பத்து வருடம் பழைய நாலு கோர் ஐ5 கூட மூன்று பேரைச் சமாளிக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் கணினிக் கடைகளிலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட இத்தகைய பெட்டிகள் கிடைக்கும். பலவற்றில் ப்ராசசர் நன்றாகவே இருக்கும். மாற்ற வேண்டியது ரேமும் டிஸ்க்கும்தான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கிணற்றடிக்கு வரும் வேலை ஒன்று உண்டு: வீடியோ. கிராபிக்ஸ் சில்லு வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை ஏற்றுக்கொண்டால் ப்ராசசருக்குப் பாரம் இல்லை. ஏற்காவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் ப்ராசசர் தலையில் விழும், நாலு வீடியோ ஓடினால் நாலு கோரும் மூச்சு வாங்கும். பாட வீடியோ பார்ப்பதுதான் முக்கியப் பயன் என்றால் ஆறு கோருக்குப் போவது நல்லது.

ரேம்: இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும்

லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் என்று ஒன்று 1999-ல் தொடங்கியது. பழைய, வலுவில்லாத கணினிகளைத் திரையாக மட்டும் வைத்து ஒரு பெரிய கணினியில் எல்லோரையும் வேலை செய்யவைக்கும் முறை. அந்தக் காலத்துக் கையேடுகளில் ரேமுக்கு ஒரு வாய்பாடு இருந்தது: கணினிக்கு 256 எம்பி, அப்புறம் ஆளுக்கு 192 எம்பி. நாலு பேருக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக 1 ஜிபி வரும். நாலு பேருக்கும் சேர்த்தே 1 ஜிபி!

இன்றைக்குப் பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் ஒரே ஆளுக்கு 1 ஜிபி போய்விடும். அதிகம் மாறியது இயங்குதளம் அல்ல, வலைப்பக்கங்கள். அதனால் கணக்கை இப்படிப் போடுவேன். இயங்குதளத்துக்கும் பின்னணி வேலைகளுக்கும் 1 ஜிபி. எக்ஸ்.எஃப்.சி.இ போன்ற எளிய டெஸ்க்டாப் ஆளுக்கு அரை ஜிபி. பிரவுசருக்கு ஒன்றரையிலிருந்து 2 ஜிபி. லிப்ரே ஆபீஸ் போன்ற இன்னொரு செயலிக்கு 300 எம்பி. ஆளுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 ஜிபி வருகிறது. நாலு பேருக்கு 12. அதோடு 1 சேர்த்தால் 13. மதர்போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் சில்லும் ரேமிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 16 ஜிபி. இரண்டு பேருக்கு 8 ஜிபி போதும், மூன்று பேருக்கு 12. எட்டு ஜிபியில் நாலு பேரை உட்காரவைக்கலாம் என்று யாராவது சொன்னால், பிரவுசரே திறக்காத நாலு பேரைத்தான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இதில் மகிழ்ச்சியான விஷயம் ஒன்று உண்டு. நாலு பேரும் லிப்ரே ஆபீஸைத் திறந்தால் அந்தச் செயலியின் நிரல் நாலு முறை ரேமில் ஏறுவதில்லை. ஒரு பிரதிதான் இருக்கும். அதையே நாலு பேருக்கும் இயங்குதளம் காட்டும். அவரவர் எழுதும் கட்டுரை மட்டும் தனித்தனியாக இடம் பிடிக்கும். ஒரு பாயசத்தைப் பொதுவில் காய்ச்சிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்வது போல. ஒரே செயலியைப் பலரும் பயன்படுத்தும் வகுப்பறையில் இந்தச் சேமிப்பு நன்றாகவே தெரியும். பிரவுசரில் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே ரேமைத் தின்பது பிரவுசரின் நிரல் அல்ல, ஒவ்வொருவரும் திறந்து வைத்திருக்கும் பக்கங்கள்.

ரேம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். தனிக் கணினியில் ரேம் தீர்ந்தால் பாதிப்பு உங்களுக்கு மட்டும். இங்கே நாலு பேருக்கும். முதலில் எல்லாத் திரையும் தேங்கும். இன்னும் மோசமானால், லினக்ஸ் தானே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்று இடத்தை விடுவிக்கும். பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். அது யாருடையது என்று பார்க்காது. மூன்றாவது இருக்கையில் ஒரு பையன் முப்பது பக்கம் திறந்ததால் முதல் இருக்கையில் ஒரு பெண் அரை மணி நேரமாக நிரப்பிக்கொண்டிருந்த விண்ணப்பம் மறைந்துபோகலாம். அப்படி அழுத முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டேன். அதிலிருந்து இரண்டு காரியம் தவறாமல் செய்கிறேன். கணக்குக்கு மேல் கொஞ்சம் ரேம் வாங்குகிறேன். ஆளுக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று இயங்குதளத்தில் வரம்பும் போட்டு வைக்கிறேன். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டி வழியாக ஒவ்வொரு பயனருக்கும் அந்த வரம்பைக் கட்டலாம்.

டிஸ்க்

இங்கே விவாதமே வேண்டாம், சுழலும் தட்டு இல்லாமல் சில்லிலேயே சேமிக்கும் எஸ்.எஸ்.டி.தான். காரணம் மட்டும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில், வேண்டிய இடம் அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லிநொடி. முள் நகர்ந்து சேர இன்னொரு 8 அல்லது 9. ஆக ஒரு தேடலுக்கு 12, 13 மில்லிநொடி. நொடிக்கு 80 தேடல்தான். தனி ஆளுக்கு இது ஓடும். நாலு பேர் மாறி மாறிக் கேட்டால் முள் அங்கும் இங்கும் அலைந்தே நேரத்தைக் கழிக்கும். மாலை ஐந்து மணிக்கு நாலு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பிரவுசரைத் திறப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் தேங்கும். எஸ்.எஸ்.டி.யில் முள்ளே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி கூட நொடிக்குப் பல்லாயிரம் தேடல் செய்யும். 500 ஜிபி இருந்தால் நாலு பேருக்குப் போதும்.

நாலு பேர் உழைப்பும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது என்பதால், வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வைக்க வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பெட்டியில் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கையே இதற்குப் பயன்படுத்தலாம்.

கிராபிக்ஸ்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். பின்னால் எச்.டி.எம்.ஐ, டி.வி.ஐ, வி.ஜி.ஏ என்று மூன்று வாய் இருக்கும். மூன்று மானிட்டர் மாட்டலாம் என்று பெட்டியிலும் போட்டிருக்கும். சரி, மூன்று பேருக்கு இது ஒன்றே போதுமே என்று தோன்றும். எனக்கும் கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் மூன்று மானிட்டரும் எரிந்தன, ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரே ஆளின் நீண்ட மேசையாகத்தான் இருந்தன. மவுஸ் முதல் திரையிலிருந்து நழுவி மூன்றாவது திரைக்குப் போனது.

காரணம் இதுதான். லினக்ஸில் ஒரு இருக்கை என்பதைத் தீர்மானிப்பது மானிட்டர் அல்ல, கிராபிக்ஸ் கார்டு. ஒரு கார்டு முழுவதுமாக ஒரு இருக்கைக்குச் சொந்தம். அதன் மூன்று வாயையும் மூன்று இருக்கைக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி இயல்பாகக் கிடையாது. பெரிய திரையைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு டெஸ்க்டாப்பை ஓட்டும் சுற்றுவழிகள் உண்டு. அவற்றில் கிராபிக்ஸ் சில்லின் வேகம் கிடைக்காது, பராமரிப்பதும் சிரமம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு கிராபிக்ஸ் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

நல்ல வேளையாக, முதல் கிராபிக்ஸ் பெரும்பாலும் ப்ராசசருக்குள்ளேயே இலவசமாக வந்துவிடும். வாங்கும்போது மட்டும் பெயரைக் கவனியுங்கள். இன்டெலிலும் ஏ.எம்.டி.யிலும் மாடல் எண் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இருக்காது. ஏ.எம்.டி.யின் பழைய ரைசன் ப்ராசசர்களில் ‘ஜி’ என்று முடிபவற்றில் இருக்கும். 7000 வரிசையிலிருந்து ‘எஃப்’ அல்லாத டெஸ்க்டாப் ரைசன்களில் சிறிய கிராபிக்ஸ் ஒன்று சேர்ந்தே வருகிறது.

இன்னொரு சங்கதி. பல மதர்போர்டுகளில் வெளிக் கார்டைச் செருகியதும் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும். கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், உள் கிராபிக்ஸும் வெளிக் கார்டும் சேர்ந்தே வேலை செய்யட்டும் என்ற அமைப்பை மாற்ற வேண்டும். பெரும்பாலும் ‘மல்டி மானிட்டர்’ என்ற சொல் அந்த வரியில் இருக்கும். சில அலுவலகப் பெட்டிகளில் இந்த அமைப்பே இருக்காது. பழைய பெட்டி வாங்கும்போது கடையிலேயே பயாஸைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆக, இரண்டு இருக்கை என்றால் உள் கிராபிக்ஸ் ஒன்று, கார்டு ஒன்று. இது எளிது, எந்தச் சாதாரண பெட்டியிலும் நடக்கும். மூன்று இருக்கைக்கு இரண்டு கார்டு, நாலுக்கு மூன்று கார்டு. இங்கேதான் மதர்போர்டில் கார்டு செருகும் துளைகள் (ஸ்லாட்) கணக்குக்கு வருகின்றன. கிராபிக்ஸ் கார்டுகள் பொதுவாக நீளமான எக்ஸ்16 துளைக்கு ஏற்றபடிதான் வரும். சின்ன மதர்போர்டுகளில் அது ஒன்றுதான் இருக்கும், மற்றவை குட்டி எக்ஸ்1 துளைகள். என்விடியாவின் ஜி.டி 710 போன்ற சில கார்டுகள் எக்ஸ்1 வடிவிலும் வந்திருக்கின்றன. அவை கிடைத்தால் நல்லது, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்1 துளையிலிருந்து நீளத் துளைக்கு மாற்றித்தரும் ரைசர் பயன்படுத்தலாம். குட்டித் துளையில் வேகம் குறையுமே என்று கேட்பீர்கள். விளையாட்டுக்குக் குறையும். படம் கார்டுக்குள்ளேயே வரையப்பட்டு மானிட்டருக்குப் போவதால் படிக்க, எழுத, வரையப் போதுமானது.

பழைய அலுவலகப் பெட்டிகளில் ஒல்லியானவற்றில் அரை உயரக் கார்டுதான் நுழையும். உள்ளங்கை அளவு மினி பெட்டிகளில் துளையே கிடையாது. எனவே நாலு இருக்கைக்குப் பெட்டி வாங்கப் போகிறவர் ப்ராசசர் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எத்தனை துளை, எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கார்டுகளை ஒரே குடும்பமாக வாங்குவது நிம்மதி. இன்டெல், ஏ.எம்.டி இரண்டுக்கும் கார்டை ஓட்டும் மென்பொருளான இயக்கிகள் (டிரைவர்) லினக்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. என்விடியாவின் பழைய கார்டுகளுக்கு அவர்களுடைய சொந்த இயக்கி ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டது. நான் சொன்ன ஜி.டி 710-க்கு 470 வரிசைதான் கடைசி. திறந்த மூல இயக்கியில் அது ஓடும், வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

துளையே இல்லாதவர்களுக்கு யூ.எஸ்.பி வழியாகப் படம் அனுப்பும் சாதனங்கள் உண்டு. டிஸ்ப்ளேலிங்க் சில்லு உள்ளவை. 2012-ல் வந்த ஃபெடோரா 17 லினக்ஸில், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் மாட்டக்கூடிய குறிப்பிட்ட யூ.எஸ்.பி டாக் ஒன்றைச் செருகினாலே புதிய இருக்கை ஒன்று தானாக உருவாகி லாகின் திரை வந்து நிற்கும். அப்போது அது பெரிய முன்னேற்றமாக இருந்தது. ஆனால் யூ.எஸ்.பி 2.0-வின் 480 மெகாபிட் குழாயில் முழுத் திரை வீடியோவை அனுப்புவது கடினம், அதற்காகப் படத்தைச் சுருக்கும் வேலையும் ப்ராசசர் தலையில் விழும். எழுத்து வேலைக்கு மட்டும் என்றால் நாலாவது இருக்கையாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம் பிரேசில். அங்கே பரானா மாநிலத்தின் அரசுப் பள்ளிகளுக்காக, பரானா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டிக்கு நாலு மானிட்டர் என்ற வடிவத்தை உருவாக்கினார்கள். பரானா டிஜிட்டல் என்பது திட்டத்தின் பெயர். டெபியன் லினக்ஸை வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் கூடுதல் கிராபிக்ஸ் கார்டுகளைச் செருகி, சுமார் 2,000 பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு இருக்கும் எளிய வசதிகள் எதுவும் இல்லாத காலம் அது. நாலு கார்டையும் ஒன்றோடொன்று மோதாமல் ஓடவைக்க மென்பொருளையே திருத்தி எழுதவேண்டியிருந்தது.

கம்பிகளின் நீளம்

இருக்கைக்கு ஒரு யூ.எஸ்.பி ஹப், அதாவது ஒரு வாயைப் பல வாயாக்கும் சாதனம், வாங்குங்கள். கீபோர்டு, மவுஸ், ஹெட்போன் எல்லாம் அந்த ஹப்பிலேயே செருகுங்கள். அப்புறம் ஒரே கட்டளையில் அந்த ஹப்பை இன்ன இருக்கைக்கு என்று எழுதிவைத்துவிடலாம். அதன்பின் அதில் எதைச் செருகினாலும் அந்த இருக்கைக்குத்தான் போகும். மூன்றாவது இருக்கை ஹப்பில் பென்டிரைவ் செருகினால் மூன்றாவது இருக்கைக்காரர்தான் அதைத் திறக்க முடியும். மற்ற இருக்கையில் இருப்பவர் திறக்கப் பார்த்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். தனித்தனியாகப் பெட்டியின் பின்னால் செருகினால் எது யாருடையது என்று தேடியே மாலை போய்விடும்.

ஒலிக்குத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. யூ.எஸ்.பி ஹெட்செட், அல்லது சிறிய யூ.எஸ்.பி ஒலிச் சாதனம் ஒன்றை அந்த ஹப்பிலேயே செருகினால் இருக்கையோடு சேர்ந்துவிடும். மதர்போர்டில் இருக்கும் ஒலி வாய் முதல் இருக்கைக்கு மட்டும்தான்.

யூ.எஸ்.பி 2.0 ஒரு வாய்க்கு 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும். கீபோர்டுக்கும் மவுசுக்கும் அது போதும். வெளி ஹார்ட் டிஸ்க்கும் செருகுவார்கள் என்றால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். வயர்லெஸ் கீபோர்டுகளைத் தவிர்த்துவிடலாம், யூ.எஸ்.பி 3.0 வாய்கள் எழுப்பும் இரைச்சல் அவற்றின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும், பேட்டரி செலவும் தனி.

யூ.எஸ்.பி 2.0 கம்பியின் எல்லை 5 மீட்டர். எச்.டி.எம்.ஐ இதைவிடக் கொஞ்சம் தூரம் போகும். எனவே நாலு இருக்கையும் பெட்டியைச் சுற்றியே இருக்க வேண்டும். இரண்டு மேசையை எதிரெதிராகப் போட்டு நடுவில் பெட்டியை வைத்தால் எல்லாக் கம்பியும் 2 மீட்டருக்குள் அடங்கும். அடுத்த அறைக்கு ஒரு இருக்கை வேண்டும் என்றால் இந்த முறை பொருந்தாது. அப்போது பழைய லேப்டாப்பையோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியையோ திரையாக வைத்து, நெட்வொர்க் கம்பி வழியாக இந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும். அங்கே கிராபிக்ஸ் கார்டும் துளைக் கணக்கும் தேவையில்லை. பெட்டியிலிருந்து நெட்வொர்க் சுவிட்ச் வரை கிகாபிட் வேகமும், இருபது பேர் என்றால் 64 ஜிபி அளவுக்கு ரேமும் வேண்டும். பத்துப் பேருக்கு மேல் போகும் என்று முன்பே தெரிந்தால் நேராக அந்த வழிக்குப் போய்விடுவது நல்லது.

மின்சாரம்

ப்ராசசர் முழு வேகத்தில் 65 வாட், மதர்போர்டும் மற்றவையும் 40, சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு 20 முதல் 30 என மூன்றுக்கு 75. ஆக மொத்தம் 200 வாட்டுக்குள். பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகமான எஸ்.எம்.பி.எஸ் நல்ல தரமான 450 வாட் என்றால் தாராளம். மலிவான பெட்டிகளோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் எழுதியிருக்கும் வாட் அளவை நம்பி மூன்று கார்டு செருக வேண்டாம்.

மானிட்டர் ஒன்றுக்கு 20 வாட் என்றால் நாலுக்கு 80. எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தொடாது. நாலு தனிப் பெட்டி ஓடினால் சும்மா இருக்கும்போதே பெட்டிக்கு 30, 40 வாட் போகும். மூன்று பெட்டி குறைவதால் 100 வாட் மிச்சம் என்று வைத்தால், தினம் நாலு மணி நேரம், மாதம் 25 நாள் கணக்கில் 10 யூனிட் குறையும்.

யூ.பி.எஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். தனிக் கணினியில் மின்சாரம் போனால் ஒருவர் வேலை போகும். இங்கே நாலு பேருடையதும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 600 வி.ஏ யூ.பி.எஸ் பொதுவாக 360 வாட் தாங்கும், ஆனால் முழுப் பாரத்தில் சில நிமிடம்தான் நிற்கும். 1 கே.வி.ஏ வாங்குவதே சரி. மானிட்டர்களையும் யூ.பி.எஸ்ஸில் மாட்டுங்கள். பெட்டி ஓடிக்கொண்டிருந்து திரை இருண்டுபோனால் யாரும் எதையும் சேமிக்க முடியாது.

மூன்று கார்டு உள்ள பெட்டிக்குக் காற்றும் வேண்டும். முன்னால் ஒரு விசிறி, பின்னால் ஒரு விசிறி. சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மே மாதத்தில் ஓடு வேய்ந்த அறையில் இந்த ஒரு சாண் மிகவும் உதவும்.

விண்டோஸில் செய்யலாமா?

தொழில்நுட்பப்படி வழிகள் உண்டு. ஆஸ்டர் என்ற மென்பொருள் ஒரே கார்டின் பல வாய்களைக்கூடத் தனித்தனி இருக்கைக்குப் பிரித்துக் கொடுக்கும். கிராபிக்ஸ் கணக்கு அங்கே எளிதாகிவிடுகிறது. ஆனால் சாதாரண விண்டோஸ் 10, 11 உரிமங்கள் ஒரு நேரத்தில் ஒருவர் பயன்படுத்துவதற்கானவை. மைக்ரோசாஃப்ட்டே 2010-ல் மல்டிபாயின்ட் சர்வர் என்று பள்ளிகளுக்காக ஒன்று கொண்டுவந்தது. 2016 விண்டோஸ் சர்வருக்குள் அது ஒரு பகுதியாகச் சேர்ந்தது, 2019 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் லினக்ஸை வைத்தே பேசினேன். அதிலும் ஜி.டி.எம் அல்லது லைட்-டி.எம் லாகின் திரை உள்ள பதிப்பாகப் பாருங்கள். இரண்டும் பல இருக்கைகளை அறிந்தவை.

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, பெரிய விளையாட்டுகள் என்றால் இந்த முறையில் இறங்க வேண்டாம். அந்த வேலைகளில் ப்ராசசர் காத்திருப்பதே இல்லை. பகிர்வதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

இரண்டு இருக்கையோடு தொடங்குங்கள். இருக்கும் கணினியிலேயே ஒரு கார்டு, ஒரு ஹப், ஒரு மானிட்டர் சேர்த்தால் போதும். ஒரு வாரம் இரண்டு பேரை உட்காரவைத்து, அவர்கள் மும்முரமாக இருக்கும் நேரத்தில் ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கார்டு வாங்குவதா, முதலில் ரேம் வாங்குவதா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

நான்காவது இருக்கையும் வந்த பிறகு, பெட்டியின் முகப்பில் இருக்கும் பவர் பொத்தானை யாரும் கை தவறி அழுத்தாதபடி மதர்போர்டிலிருந்து அதன் கம்பியைக் கழற்றி, நீட்டி, பொறுப்பாளர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். ஹப், கீபோர்டு, மானிட்டர் கம்பி மூன்றிலும் ஒரே நிற டேப் சுற்றுங்கள்: முதல் இருக்கைக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை, இப்படி. யாராவது கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் பிள்ளைகளே நிறம் பார்த்துத் திரும்பச் செருகிக்கொள்வார்கள்.